பல் இருந்ததற்கு அத்தாட்சி

ஆத்தூரிலிருந்து திண்டுக்கல் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு டீச்சரும் அவருடைய தோழியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“கீழ விழுகுறதுக்கு முன்னாடி எனக்கு அந்தப் பல்லு இருந்துச்சான்னு இன்சூரன்ஸ்ல அத்தாட்சி கேட்டாங்க புள்ள,” என்றார் டீச்சர்.

“பக்கத்துப் பல்லோட சேத்து பிரிட்ஜ் போட்ட டாக்டரு எழுதித் தரலையா?”

“தந்தாரு. ஆனா அவரு எக்ஸ்ரே எடுத்ததே பல்லு போன பெறகுதான். அதான் பழைய போட்டோ கேட்டாங்க.”

“அது இருக்குமே?”

“எல்லாத்துலயும் வாய மூடிக்கிட்டு நிக்கிறேன். பல்லுத் தெரிய சிரிச்சா எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. கடைசியில ஸ்கூல் டூர்ல சிரிச்சது ஒண்ணு கெடச்சுச்சு. அத வச்சு அனுப்புனேன்.”

“கிளைம் பாஸாயிருச்சா?”

“ஆயிருச்சு. இப்ப அந்த ஆபீசுக்குத்தான் போறேன். போட்டோவ மறக்காம திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

“யாரு, டாக்டரா?”

“எங்க வீட்டுக்காரரு.”