என் தந்தை வாத்துக்குக் காத்திருந்த கதை

அவையை ஆளும் அன்பிற்குரிய தலைவர் அவர்களே! என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போது கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் முதல்வர் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் சான்றோர்களே! பெற்ற பிள்ளை கரையேறியது என்று பெருமூச்சுவிடும் தாய்மார்களே! மழலையர் ஆசிரியப் பயிற்சியில் இன்று காலடி வைக்கும் இளையோரே! "இதுக்கா இவ்வளவு படிக்க வச்சேன்?" என்று பின்வரிசையில் முணுமுணுக்கும் தந்தைமார்களே! உங்களை நம்பித்தான் இந்த மேடை ஏறினேன்.

ஆறடி உயரம். முறுக்கு மீசை. அண்டாவுக்குள்ளிருந்து வருவது போல் ஒரு குரல். என்னைப் பார்த்தால் எந்த வேலைக்குப் போவேன் என்று தோன்றுகிறது? காவல் துறையா? கப்பல் துறையா? என்ன ஐயா சொன்னீர்கள், வட்டி வசூலா? மிக்க நன்றி! மழலையர் வகுப்பு என்று ஒருவராவது சொன்னீர்களா? என் தந்தையும் சொல்லவில்லை.

அவர் இரும்புக்கடைக்காரர். கடையில் இரும்பு கனக்கும். வீட்டில் அவர் குரல் கனக்கும். அவர் பேசினால் அது பேச்சு. நாங்கள் பேசினால் அது எதிர்ப்பேச்சு! பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்து, சம்பளமும் வாங்கிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. "அப்பா, நான் சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கறேன்" என்றேன். தாம்தூம் என்று குதித்தார்.

"மூக்கு துடைக்கிற வேலைக்கு ஒரு ஆம்பளையா? எவன்டா உனக்குப் பொண்ணு குடுப்பான்? நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

"மூக்கு துடைக்கிறான்னே சொல்லுங்கப்பா" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். வினை அங்கேதான் வந்தது.

"நாளையிலேர்ந்து கல்லாவுல வந்து உக்காரு. இல்லேன்னா இந்த வீட்டுப் படி ஏறாதே!"

மறுநாள் நான் பள்ளிக்குத்தான் போனேன். பின்னாலேயே அவரும் வந்துவிட்டார்!

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம். எல்லாரும் வட்டமாக உட்காருவோம். ஒரு மஞ்சள் வாத்து பொம்மை கைக்குக் கை போகும். வாத்து யார் கையிலோ, அவருக்குத்தான் வாய். மற்றவர்களுக்குக் காது மட்டும்தான். அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, என் தந்தை!

"எந்திரிடா!"

நான் எழுவதற்குள் இன்னொருத்தி எழுந்தாள். நான்கு வயது. நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'நீதிபதி'.

"தாத்தா, உங்க கையில வாத்து இல்ல."

"என்னது?"

"வாத்து இல்லாம பேசக் கூடாது. உக்காருங்க. உங்க முறை வரும்."

அதிகாரிகளையே அதட்டிய மனிதர், என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாய் திறக்கலாமா? என் கையிலும் வாத்து இல்லையே! குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் காதைத் தொட்டது. பெட்டிப் பாம்பாய் அடங்கிக் காத்திருந்தார்.

ஒரு குழந்தை தன் வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னது. ஒரு குழந்தை தன் அப்பா குளிக்கும்போது பாடுவதைப் பாடியே காட்டியது. அடுத்தவன் ஒரு பொடியன். பள்ளியில் சேர்ந்த நாள்முதல் வாயே திறக்காதவன். வாத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. யாரும் சிரிக்கவில்லை. என் தந்தையும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. முதன்முதலாக, வகுப்பே கேட்க, வாய்மலர்ந்தான்:

"எனக்கு ஒண்ணுக்கு வருது!"

ஒரே கைதட்டல்! நீங்களும் தட்டுகிறீர்களே, தட்டுங்கள், அவனுக்குத் தகும்! சிரிப்பும் கண்ணீருமாய் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது வாத்து என் தந்தையின் மடியில் இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவர் வாத்தைப் பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். திட்ட வந்தவருக்குத் திட்டு வரவில்லை. பயப்படாத கண்களுக்கு முன்னால் அவர் பேசிப் பழகியதே இல்லை.

"எனக்கு ஒரே பையன்" என்றார். "அவனுக்குன்னுதான் கடையைக் கட்டினேன். வர மாட்டேங்கிறான். எனக்கு... அழுகையா வருது."

அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். நீதிபதி அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"முதல் நாள் எல்லாரும் அழுவாங்க தாத்தா. நாளைக்குச் சரியாயிடும்."

அவர் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது! பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துத்தான் பிரித்தார்கள். வாசலில் என்னைத் தாண்டும்போது, "சாயங்காலம் நேரத்தோட வீட்டுக்கு வா. அம்மா காத்துக்கிட்டிருப்பா" என்றார்.

இளையோரே! பொருளை எடைபோடுவோர் உண்டு. பொறிகளை இயக்குவோர் உண்டு. பேசாத பிள்ளை பேசும்வரை பொறுத்திருப்போர் யார்? பெருங்குரல்களுக்கு நடுவே பிஞ்சுக் குரலுக்கு இடம்பிடித்துத் தருவோர் யார்? நாளைய மருத்துவருக்கும் மந்திரிக்கும் முதல் பொறுமையைப் புகட்டுவோர் யார்? மந்திரி பிறகு மறந்துவிட்டால் நாம் பொறுப்பல்ல! யார்? நீங்கள்! நீங்களேதான்! கேலி வேகமாக வரும். சம்பளம் மெதுவாக வரும். ஆனாலும் வாருங்கள்! அச்சமின்றி வாருங்கள்! ஆசையோடு வாருங்கள்!

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துவிடுகிறேன். என் வேலை என்னவென்று என் தந்தை இன்றும் வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கிறார்: "இன்னைக்கு அந்தப் பையன் என்னடா பேசினான்?"

கேட்ட செவிகளுக்கு நன்றி. கிளம்பத் துடிக்கும் கால்களுக்கும் சேர்த்து, என் வணக்கம்!