ஏழாம் பொறியில் எடுத்த படங்கள்

— என்னடா இது, படம் முழுக்க வெறும் மூக்கு?

— மூஸ் மான்க்கா. பொறிக்கு எதிர்ல மரத்துல கட்டின கேமராவ உப்புக்கட்டின்னு நெனச்சு நக்கியிருக்கு. நூத்திப் பதினாலு படம், அத்தனையும் மூக்கும் நாக்கும்.

— ரெய்னோ, நீ மரநாய் பிடிக்கத்தான பொறி வச்ச? இதுவரைக்கும் ஒரு மரநாயக் காணோமே.

— அது வர்றப்ப மட்டும் கேமரா தூங்கிடும். இந்தா, இந்த நரியப் பாரு. என் கையுறையக் கவ்விட்டுப் போறான், திருட்டுப்பய.

— அடப்பாவி! சரி, அந்த இன்னொரு கேமரா கார்டக் குடு. ஏழாம் பொறின்னு எழுதியிருக்கே.

— அதுல ஒண்ணும் இல்ல, வெறும் பனிதான். ரொட்டி ஆறுது, சாப்பிடு.

— ஏலக்காய் ரொட்டி நான் சுட்டுட்டு வந்தது, எனக்கே ஊட்டாத. குடுடா.

— மார்லிஸக்கா, சொன்னாக் கேளு.

— போட்டாச்சு. இது யாருடா பனியில குப்புறக் கெடக்கறது?

— யாரோ.

— நான் வாங்கிக் குடுத்த ஆரஞ்சு கோட்டு போட்ட யாரோவா?

— கொஞ்சம் ஓய்வு எடுத்தேன்.

— மைனஸ் இருபதுலயா? உன் கை அந்தப் பொறிப் பெட்டிக்குள்ள இருக்கு! கார் கதவுல நசுங்கிச்சுன்னு சொன்னியே.

— இதுவும் கதவு மாதிரிதான். சட்டுனு மூடும்.

— விளையாடாத ரெய்னோ.

— சரி, சரி. எரை மாத்தறப்ப பொறி மூடிக்கிச்சு. வலது மணிக்கட்டு உள்ள. ஒத்தக் கையால அந்த ஸ்பிரிங்க அமுக்க முடியாது. பொறிய மரத்தோட சங்கிலி போட்டு நானே கட்டியிருக்கேன். அமுக்கற கயிறு பனி வண்டியில, பத்தடி தள்ளி.

— ஃபோன்?

— அந்தக் காட்டுல சிக்னல் ஏது?

— செத்துருப்படா.

— சாகலையே. அடுத்த படத்தப் பாரு, விருந்தாளி வருது.

— ஐயோ! இவ்ளோ பெரிய பூனையா?

— லிங்க்ஸ் பூனை. காது நுனியில குஞ்சம் தெரியுதா? நம்ம பக்கம் பிடிக்கவே கூடாத ஜாதி. பதினஞ்சடி தூரத்துல வந்து உக்காந்துச்சு. நாப்பது நிமிஷம்! அசையவே இல்ல.

— நீ என்ன செஞ்ச?

— போ சனியனேன்னு கத்தினேன். பனிய வாரி எறிஞ்சேன். காத மடக்கிச்சே தவிர போகல. அப்புறம் பாட்டு பாடினேன்.

— உன் பாட்டுக்கே ஓடலன்னா செவிடாத்தான் இருக்கணும்.

— அப்புறம் பேச ஆரம்பிச்சேன்க்கா. என் பொண்டாட்டி ஹெல்மி போய்ச் சேர்ந்தது, அவ இல்லாம வீடு எப்படி இருக்குங்கறது, எல்லாம். உங்கிட்டகூட சொன்னதில்ல. அது கண்ணெடுக்காம கேட்டுச்சு.

— அப்புறம்?

— குளிர்ல தூக்கம் சொக்குது. தூங்கினா தின்னுடும்னு பயம். அந்தப் பயத்துலதான் பூட்ஸ் கயித்த உருவி, ஸ்பிரிங் வளையத்துல கோத்து, காலால உதைச்சுத் தொறந்தேன். அது மட்டும் வரலன்னா அங்கயே வெறச்சிருப்பேன்.

— மூணு வாரமா எங்கிட்ட மறைச்சிருக்க.

— சொன்னா? துலூத் டவுனுக்கு இழுத்துட்டுப் போய் உன் வீட்டு மாடியில உக்கார வச்சிருவ.

— கண்டிப்பா. நாளைலருந்து உன்கூடக் காட்டுக்கு நானும் வருவேன், அது வேற.

— நீயா? பனி வண்டிய பாத்தாலே கும்புடுவியே!

— கும்புட்டுக்கிட்டே ஏறுவேன். பேச்ச மாத்தாத.

— சிரிக்காம கேளு. அது எனக்குக் காவலுக்குத்தான் வந்துச்சு. ஹெல்மிதான் அனுப்பினாளோன்னுகூடத் தோணுச்சு.

— நான் சிரிக்கலடா. ஆனா நீ எந்திரிச்சுப் போன பிறகு எடுத்த படத்தப் பாத்தியா?

— இல்ல. நான் அப்படிக் கெடந்தத முழுசாப் பாக்க மனசு வரல, பாதியிலயே மூடி வச்சிட்டேன்.

— கண்ணாடியப் போட்டுட்டு வா. நீ கெடந்த எடத்துக்குப் பின்னாடி, அந்த விழுந்த மரத்துக்கு அடியில என்ன?

— முயலா?

— பெருசாக்கறேன். பாரு, குஞ்சம் வச்ச காது. ஒண்ணு, ரெண்டு, மூணு ஜோடி.

— குட்டிங்களா? எனக்குப் பின்னாடியேவா இருந்துச்சுங்க? அப்ப நான் அவ்வளவு கத்தியும் அது ஏன் போகல?

— எப்படிடா போகும் ராசா? அது குட்டிங்ககிட்ட போற வழியில நீ படுத்திருந்த.