வேண்டாமெண்ட வேலை

இல்லை, நீ எழும்பாதை பூசணி. தேத்தண்ணி காணும், பலகாரம் ஒண்டும் வேண்டாம். இரு. நான் கன நேரம் நிக்கமாட்டன், என்ரை மனிசன் வீட்டிலை தனியக் கிடக்கிறார். ஓம், இடுப்பு நாரி நோ இன்னும் அப்பிடித்தான். துறைமுகத்திலை மூட்டையோடை விழுந்தவர், பிறகு எங்கை எழும்பினார். அதெல்லாம் உனக்குத் தெரியும்தானே. நல்லாத் தெரியும்.

அப்பீல் என்னாச்சுதெண்டோ? கேப்பாய் எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். ஆறுதலாச் சொல்லுறன்.

நான் வேலை செய்த வீட்டுக் கிழவிச் சின்யோரா செத்தாப்பிறகு வேலையில்லாக் காசு தந்தவையெல்லோ. அதிலைதான் வீட்டு வாடகையும் அவற்றை மருந்தும் ஓடினது. சும்மா தரேல்லை. வேலைக் கந்தோரிலை இருந்து ஒரு இடம் சொன்னால் போகோணும், மாட்டனெண்டால் காசை வெட்டிப்போடுவினம். நானும் சொன்ன இடமெல்லாம் போனனான். ஒருத்தி கறுப்பெண்டாள், இன்னொருத்தி வயசெண்டாள். கடைசியா ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்திலை இந்த வீட்டுக்கு விட்டினம்.

மேல்மாடி ஏறி நிமிர்ந்தால், வாசலிலை ஒரு சோடிச் செருப்பு. இந்தப் பலேர்மோவிலை எந்த வெள்ளைக்காரி வாசலிலை செருப்பைக் கழட்டி வைக்கிறவள்? எங்கடை ஆரோ உள்ளுக்கை நிக்கிறாள் எண்டு எனக்கு விளங்கிப்போச்சு. அப்பிடியே திரும்பியிருக்கலாம். என்ரை விதி, மணியை அடிச்சுப்போட்டன்.

அந்த வீட்டுச் சின்யோரா சொல்லுறா, இப்ப நிக்கிறவள் பிள்ளையள் பிள்ளையள் எண்டு பொழுதுபட முதல் ஓடுறாள், எனக்கு இரவும் நிக்கிற ஆள் வேணும், அவளை நிப்பாட்டப் போறன், நீ திங்கள் வா எண்டு. குசினிக்கை நீ பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டாய். திரும்பி என்னைப் பாத்தாய். உன்ரை கை நிண்டுட்டுது, தண்ணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பாத்துப்போட்டு நான் என்னெண்டு ஓமெண்டு சொல்லுறது? ஒருத்தியின்ரை அடுப்பிலை தண்ணி ஊத்திப்போட்டு நான் என்ரை அடுப்பை மூட்டேலாது. மாட்டனெண்டன். ஏனெண்டு கேட்டா. என்னத்தைச் சொல்ல? எங்கடை ஆளின்ரை வேலையை எங்கடை ஆள் பறிக்கப்படாது எண்டால் அவவுக்கு விளங்குமோ? வாயை மூடிக்கொண்டு வந்திட்டன். அவ கந்தோருக்கு அடிச்சு, வந்தவள் வேலை வேண்டாமெண்டு போட்டாள் எண்டு சொல்லிப்போட்டா. காசு நிண்டது.

நீ படிக்கட்டாலை ஓடிவந்து என்ரை கையைப் பிடிச்சனி, ஞாபகமிருக்கோ? அக்கா, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணும் எண்டனி. காசு நிண்டு நான் அப்பீல் போட்டாப்பிறகு, எனக்கு ஒரு கோயிலும் வேண்டாம், அப்பீல் அண்டைக்கு வந்து நடந்ததைச் சொல்லு எண்டனான். சாந்த ரொசாலியா கோயில் மலையிலை மெழுகுதிரி கொளுத்தின கையோடை நிண்டு ஓம் எண்டனி.

அப்பீல் அண்டைக்குக் கந்தோரிலை என்ரை கைப்பையைப் பக்கத்துக் கதிரையிலை வைச்சு உனக்கு இடம் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். மாபிள் படியிலை காலடி கேக்கேக்கையெல்லாம் எட்டிப் பாத்தனான். என்ரை பேரைக் கூப்பிட்டினம். இன்னொரு ஆள் வரோணும், கொஞ்சம் பொறுங்கோ எண்டன். பொறுத்தினம். நீ வரேல்லை.

பிள்ளைக்குக் காய்ச்சலோ? பூசணி, பொய் சொல்லாதை. அண்டைக்கு நீ கபோச் சந்தையிலை கத்தரிக்காய் தெரிஞ்சுகொண்டு நிண்டதை ஜெனனி கண்டவள். சரி, சின்யோராவுக்குப் பயந்தனி. அது எனக்கு விளங்கும். பயந்தவளை நான் மன்னிச்சிருப்பன், சத்தியமா. ஆனா ஞாயிற்றுக்கிழமை கோயில் சோத்துப் பந்தியிலை இருந்து என்ன சொன்னனி? விமலாக்கா வேலைக்கள்ளி, அரசாங்கக் காசிலை குந்தியிருந்து தின்னப் பாத்தவ எண்டு. சொல்லேல்லையோ? உனக்குப் பக்கத்திலை இருந்து கேட்டவளின்ரை பேரும் சொல்லட்டோ? விடு. வராததுக்கு உனக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டுது. அதுக்கு என்ரை மானம்தான் கிடைச்சுது. பதினாறு வயசிலை இருந்து வேலை செய்யிறவள் நான். இப்ப கடைக்குப் போனாலும் சனம் என்னை ஒருமாதிரிப் பாக்குது.

ஓம், அப்பீல் தோத்துப்போச்சு. சாட்சி இல்லாட்டி என்ன செய்வினம். அந்தக் கந்தோர் மனிசன் பாவம், நல்லவர். கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பாத்து, போன காசை ஒண்டும் செய்யேலாது, ஆனா அந்த வீட்டுக்காரி இன்னும் ஆள் தேடுறா, இரவும் நிப்பீரோ எண்டு கேட்டார்.

நிப்பன் எண்டன்.

என்னத்தை யோசிக்கிறது? ஒண்டும் யோசிக்கேல்லை. பஸ்ஸிலை வரேக்கை, ஐயோ பாவம் எண்டு ஒருக்கால் மனம் சொல்லுமோ எண்டு பாத்தனான். சொல்லேல்லை. சந்தோசமாத்தான் இருந்தது. நீ பந்தியிலை இருந்து சிரிச்ச சிரிப்புக்கு இப்பதான் எனக்கு வயிறு நிறைஞ்சுது.

அவரை இரவிலை ஆர் பாக்கிறதோ? பக்கத்து வீட்டு மொரிசியஸ்காரி ஜெரால்டின் பாக்கிறனெண்டவா. நீ உன்ரை பாட்டைப் பார்.

சின்யோராவோடையும் கதைச்சுப்போட்டன். நாளைக்கு நீ அங்கை போகத் தேவையில்லை. அவ தானே சொல்லுறன் எண்டவா, நான்தான் வேண்டாம், எங்கடை பிள்ளை, நானே சொல்லுறன் எண்டனான். அழாதை, பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வரப்போகுதுகள். அந்த வீட்டுச் சாவி உன்னட்டை கிடக்காம். எடுத்துக்கொண்டு வா. அதுக்குத்தான் வந்தனான்.

ம், இந்தச் சாவிதான். போட்டு வாறன் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை பூசணி. நான் போறன்.