பிரிண்டரில் வந்த பெயர்

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை, ஃபாதர். பொறுமை வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு.

எண்பத்தெட்டில் டன்லப் தெரு அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நானும் எட்மண்டும்தான் கற்றுக்கொண்டோம். ‘க’ அடித்து உகரக் குறியையும் அடித்தால் இரண்டும் மறைந்து ‘கு’ வந்து உட்காரும். எதற்கு அடுத்து எது வந்தால் எதைப் போடுவது என்று ஃபாண்டுக்குள் ஒரு விதி எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். முதல் ‘கு’ வந்த அன்று எட்மண்ட் எனக்கு நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரிக், வாங்கிக் கொடுத்தார். அன்றே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவரைத்தான். அவருக்கு அந்தோனியம்மாளை நிச்சயம் செய்திருந்தது ஒரு சின்ன இடைஞ்சல். நல்ல பெண், அவள்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

திரைக்கு ஒரு ஃபாண்ட், பிரிண்டருக்கு வேறொன்று. பிரிண்டர் ஃபாண்டில் மட்டும் ஒரு விதி சேர்த்தேன்: எட்மண்டின் பெயரை அடுத்து அவள் பெயர் வந்தால், அல்போன்சம்மாள் என்ற என் பெயரைப் போடு. இன்னாருக்கு இன்னார் என்று பூசையில் வாசிக்கும் கல்யாண ஓலையை எட்மண்டே அடித்தார். திரையில் சரிபார்த்துவிட்டு, தாளைப் பார்க்காமல் உறையில் போட்டு உங்களிடம் தந்தார். கையில் கொடுத்ததை அப்படியே வாசிப்பவர் நீங்கள். அதை நம்பித்தான் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, “எட்மண்ட், அல்போன்சம்மாள்” என்று கணீரென்று வாசித்தீர்கள். எனக்குப் புல்லரித்தது. அவள் அப்பா எழுந்து வெளியே போனார். கல்யாணம் நின்றது.

மறுநாள் எட்மண்ட் அழுதார். “நான் அந்தோனின்னுதான் அடிச்சேன் லா, சத்தியமா.”

அதற்குள் ஃபைலிலும் பெயரை மாற்றியிருந்தேன். “ஸ்கிரீன்ல பாருங்க, எட்மண்ட். மனசுல இருக்கிறதுதானே கையில வரும்?”

ஒரு மாதத்தில் அவரே அதை நம்பிவிட்டார். எங்கள் ஓலையையும் நீங்களே வாசித்தீர்கள். இப்போது தோ பாயோவில் சொந்த வீடு, சந்தோஷத்துக்குக் குறைவில்லை. அந்தோனியம்மாள் வெளியே வருவதேயில்லையாம். அவளுக்கு எப்போதுமே வெயில் ஆகாது.

என் பாவம் சோம்பல், ஃபாதர். பிரிண்டர் ஃபாண்டில் அந்த விதியை இன்னும் அழிக்கவில்லை.

நேற்று எட்மண்ட் அச்சகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பிவிட்டார். பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது. தாள் போட்டதும், அவர் அனுப்பிவிட்டுப் போன ஒரு பக்கம் வந்தது. எட்மண்ட் அல்போன்சம்மாள், எட்மண்ட் அல்போன்சம்மாள் என்று நாற்பது வரி. என்மேல் எவ்வளவு ஆசை பாருங்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பிறந்தநாள், அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன்.