தோல்குனின் உள்சட்டை கம்பளி அல்ல என்பது பற்றி

சைரகுல் தொக்தோசுனோவா ஆகிய நான், வயது நாற்பத்தாறு, தெரெக்-சூ கிராமம், ஆற்றுத் தெரு பதினேழாம் எண் வீட்டில் குடியிருப்பவள், பிஷ்கெக்கில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவள், எட்டு வருடம் நூற்பாலையிலும் அதன் பிறகு பதினான்கு வருடமாகப் பனிச்சறுக்குப் பயணங்களில் வழிகாட்டியாகவும் சாமான் பொறுப்பாளராகவும் வேலை செய்பவள், பிப்ரவரி பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு மாவட்டக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் மெயிர்பெக் முன்னிலையில் என் கைப்பட எழுதித் தருவது:

என்னோடு வேலை செய்யும் வழிகாட்டி தோல்குன், வயது முப்பத்தொன்று, மலைக் குடிசையில் தீக்காயம் பட்டு இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயண நிறுவனத்தின் முதலாளி கெமெல், உள்சட்டைகளைத் தேர்ந்தெடுத்ததும் சோதித்ததும் நான்தான் என்றும், தோல்குன் கவனமில்லாமல் அடுப்பைப் பற்றவைத்தார் என்றும் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். முதலாவது பொய். இரண்டாவது, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனிதனைப் பற்றிச் சொல்லக் கூசவேண்டிய பொய்.

எங்கள் குடிசைச் சுவரில் ஆறு வருடமாக என் கையெழுத்தில் ஒரு விதி ஒட்டியிருக்கிறது. ஏறும்போது யார் எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டுக்கொள்ளலாம், அடுப்பைத் தொடுகிறவர் மட்டும் கம்பளிதான் போட்டிருக்க வேண்டும் என்பதே அது. செயற்கை நூல்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. வேர்த்து ஏறுகிறவருக்கு அது சீக்கிரம் காயும், விலையும் குறைவு, நானே சில நாள் போடுவேன். கம்பளி காய நேரமாகும், ஆனால் நனைந்தாலும் சூடு காக்கும், ஐந்து நாள் போட்டாலும் நாறாது. இவை அவரவர் வசதி. தீ விஷயம் வசதி அல்ல. கம்பளி கருகி அணைந்துவிடும். மற்றது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நவம்பரில் கெமெல் அண்ணன் இந்த வருடம் எல்லோருக்கும் கம்பளி உள்சட்டை தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். எந்தக் கடையில், என்ன துணி என்று என்னிடம் கேட்கவில்லை. அதன் பிறகு டிசம்பர் இருபதாம் தேதி மதியம் தன் வீட்டில் ஆடு அறுத்து விருந்து வைத்தார். விருந்தில் அந்தச் சட்டைகளைக் கியித்தாக, மரியாதை உடையாகக் கொடுத்தார். கியித் என்றால் என்ன முறை என்று உங்களுக்குத் தெரியும். கொடுப்பவர் தன் கையால் தோளில் போட்டுவிடுவார், வாங்குபவர் அங்கேயே உடுத்திக் காட்ட வேண்டும், துணியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொருவர் தோளிலும் அவரே போட்டார். கழுத்துப்பட்டியில் நீலத் தையல், உள்ளே 'முழுக் கம்பளி' என்று ஒரு சீட்டு. என் தோளில் விழுந்ததும் விரல் பட்டது. விரலுக்குத் தெரிந்துவிட்டது. துணி வழவழப்பாக இருந்தது, கசக்கி விட்டதும் பிளாஸ்டிக் பைபோல ஒலித்தது.

நான் வாய் திறக்கும் முன்பே சாமான் பதிவேட்டை எடுத்து நீட்டினார். 'சோதிக்கப்பட்டது' என்ற இடத்தில் விரல் வைத்து, "தங்கச்சி, இங்க ஒரு கையெழுத்து. சீக்கிரம் போடும்மா, கறி ஆறுது" என்றார். உடனே, "படிச்ச பொண்ணு, இதையும் நுண்ணோக்கியில வச்சுப் பாப்பா போலிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டேன். இதை யாரும் என்னிடமிருந்து வரவழைக்கவில்லை, நானே எழுதுகிறேன்.

கை கழுவ வெளியே வந்தபோது தோல்குன் பின்னாலேயே வந்து, "இது கம்பளிதானே அக்கா?" என்று கேட்டார். "அப்படித்தான் எழுதியிருக்கு" என்றேன். அவர் கேட்டது சீட்டில் எழுதியிருப்பதை அல்ல என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதன் பிறகு பிப்ரவரி பதினோராம் தேதி நானும் தோல்குனும் பனிச்சறுக்க வந்த இரண்டு விருந்தாளிகளோடு குடிசைக்கு ஏறினோம். கிளம்பும் முன், பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள் என்று தோல்குனிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். நான் காரணம் சொல்லாமல், "பழகின சட்டை நல்லது" என்றேன். அவர், "குடிசையில எல்லாரையும் புதுச் சட்டையோட படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காருக்கா. போடலேன்னா அண்ணன் மூஞ்சி ஒரு மாசத்துக்குத் தொங்கிப் போயிடும். அந்த மூஞ்சிய நீயா பாப்ப?" என்று சொல்லிச் சிரித்தார். நான் என் பழைய சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

குடிசையை மூன்று மணிக்கு அடைந்தோம். தோல்குன் வேர்த்த மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தேநீருக்குப் பனி உருக்கப் பெட்ரோல் அடுப்பைப் பற்றவைத்தார். முதலில் கசிவு பார்த்தார், பிறகுதான் தீக்குச்சி உரசினார், விருந்தாளிகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். இதை நானும் பார்த்தேன், விருந்தாளிகளும் பார்த்தார்கள். அடுப்பு சூடேறும்போது சுடர் ஒருமுறை குபீரென்று எழுவது உண்டு, எல்லோர் கையிலும் அது நடந்திருக்கிறது. எனக்கும் இரண்டு முறை நடந்து, கம்பளிக் கையில் விரல் அகலத்துக்குக் கருகியதோடு முடிந்தது. தோல்குனின் வலது கையில் பிடித்த தீயை நான் கம்பளம் போட்டு உடனே அணைத்துவிட்டேன். தீ அணைந்த பிறகும் அவர் கத்திக்கொண்டிருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணி என்று எதுவும் இல்லை. தோலோடு தோலாக ஒட்டியிருந்தது.

உருகிய பனித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன், ஒட்டியதைப் பிய்க்கவில்லை. அதன் பிறகு பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜில் கட்டிக் கீழே இறக்கினோம். ஆஸ்பத்திரியில் மருத்துவர் இடுக்கியால் அதைத் துண்டுதுண்டாக எடுத்தார். விரல்கள் இன்னும் மடங்கவில்லை. தோல்குனின் மனைவி என்னிடம், "உன் கையெழுத்து இருக்குன்னுதானே அவரு போட்டாரு" என்று மட்டும் கேட்டாள். கெமெல் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. தொலைபேசியில், "குளிருக்கு எதப் போட்டா என்ன தங்கச்சி, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். ஒன்றுதான் என்றால் கம்பளி என்று ஏன் சீட்டுத் தைக்க வேண்டும்? கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

எனக்குக் கிடைத்த கியித்தை, விருந்தில் உடுத்திக் காட்டிய பிறகு ஒருமுறையும் போடாமல், இன்று சீட்டோடு கொண்டுவந்திருக்கிறேன். துணியைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அவரது லைட்டரை வாங்கி, என் பழைய சட்டையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். முடி கருகும் வாசனை வந்தது, விரலால் நசுக்கியதும் பொடியானது. அதன் பிறகு கியித்தின் நூலைக் கொளுத்தினேன். சுருண்டு, சொட்டி, கறுப்பு மணியாக இறுகியது. நகத்தால் உடைக்க முடியவில்லை. அந்த மணியை இந்தத் தாளோடு ஒட்டியிருக்கிறேன்.

அதைப் பார்க்க உதவி ஆய்வாளர் குனிந்தபோது அவரது சீருடைக் கழுத்துக்குள் நீலத் தையல் தெரிந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "புது வருஷத்துக்குக் கெமெல் அண்ணன் குடுத்தாருக்கா. நல்லாக் கதகதன்னுதான் இருக்கு" என்றார். பிறகு கறுப்பு மணியை மறுபடி பார்த்தார். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "அக்கா, இது மட்டும் எழுத வேணாம், விட்ரு. வழக்குக்கும் இதுக்கும் என்ன இருக்கு?" என்றார். தம்பி, டிசம்பர் இருபதாம் தேதி நானும் அப்படித்தான் விட்டேன். எழுதிவிட்டேன்.

பதிவேட்டில் உள்ள என் கையெழுத்துப் பொய். துணியைப் பார்க்காமல், கையில் உணர்ந்ததைச் சொல்லாமல் போட்டது. அதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள். ஆனால் தோல்குன்மேல் ஒரு சொல்லும் விழக் கூடாது. மேலே உள்ளதை முதல் வரியிலிருந்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு வரியையும் அடிக்கவில்லை. இந்தக் கையெழுத்து பார்த்துப் போடுவது.

சைரகுல் தொக்தோசுனோவா

நூல் எரித்தது என் முன்னிலையில். நீலத் தையல் பற்றிய வரி உட்பட முழுவதும் படித்துப் பெற்றுக்கொண்டேன்.
மெயிர்பெக், உதவி ஆய்வாளர்