மேலே காலி

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கூரை மேல் நின்றே பிழைத்தவனுக்கு உட்காருவதே ஒரு சுகம்.

வேட் ஸ்டாலிங்ஸ் ஸ்டாக் கார் பந்தயங்களில் ஓட்டினான். நான் அவனுக்குக் கண். ஓட்டுகிறவனை இருக்கையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் கார் வருகிறதா என்று பந்தய மைதானத்துக் கூரையிலிருந்து நான்தான் ரேடியோவில் சொல்ல வேண்டும். வெளிச்சுவர்ப் பக்கத்தை 'மேலே' என்போம். மேலே காலி என்று நான் சொன்னால் வேட் யோசிக்காமல் அந்தப் பக்கம் ஏறிவிடுவான்.

பத்தொன்பது வயதில், பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கதவுகளை ஒட்டவைத்த காரோடு வடக்குக் கரோலினாவின் செம்மண் தடத்துக்கு வந்தவன். மணிக்கட்டு முறிந்தபோது கையை ஸ்டியரிங்கோடு டேப் போட்டுச் சுற்றிக்கொண்டு ஓட்டி ஜெயித்தான். மொத்தம் அறுபத்தொரு வெற்றி. கோப்பை வாங்கினால் முதலில் கூரையைப் பார்த்துத் தூக்கிக் காட்டுவான். அவன் மேல் எனக்கு உயிர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் லாரி நிழலில் உட்கார்ந்து பன்றிக்கறி பன் தின்றுகொண்டிருந்தோம். வேட் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"லானி, இன்னையோட போதும்டா. அடுத்த வாரத்துலேருந்து நோரீன் தம்பி மேல நிக்கட்டும்."

நோரீன் அவன் மனைவி.

"ஏன், நான் என்ன கெட்டுப்போயிட்டேன்?"

"கோச்சுக்காத. உன் கண்ணு மங்கிடுச்சு. போன ரெண்டு ரேஸ்லயும் லேட்டாத்தான் சொன்ன. ஊரே சிரிக்குது."

"உன் காலு மெதுவானதுக்கு என் கண்ணு மேல பழியைப் போடு."

அவன் சிரித்துவிட்டுத் தன் பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். வாங்கித் தின்றேன். எனக்குக் கோபமே இல்லை.

அன்றைய பந்தயத்தில் கடைசிக்கு முந்தின சுற்று. வேட் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். "மேல என்னடா லானி?" என்று கேட்டான். வெளிப்பக்கம், அவன் பின்சக்கரத்தை ஒட்டி, நாற்பதாம் எண் நீலக் கார். "மேல காலி" என்றேன். ஏறினான். நீலக் கார் இடித்ததில் அவன் கார் அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பியது. அதன் பிறகு ரேடியோவில் இரைச்சல்தான். ஆறு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

இப்போதும் கேட்கிறான். காபி ஊற்றும்போது, சர்ச்சில் தலை குனியும்போது, "மேல என்னடா லானி?" எனக்குப் பயமாக இருக்கிறது. "ஆள் இருக்குடா" என்று வாய்விட்டே பதில் சொல்கிறேன். அவன் மறுபடியும் கேட்கிறான்.

எங்கள் ரேடியோவை ரசிகர்களும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். நான் சொன்னதை ஆயிரம் பேர் கேட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை. அவனை அடக்கம் செய்த நாலாம் நாள் நோரீன் பீச் பழக் கேக் சுட்டு எடுத்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேல தப்பில்ல லானி. வயசாயிடுச்சு, கண்ணு தெரியல, நீங்க என்ன பண்ணுவீங்க?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீலக் காரின் கதவில் டேப் ஒட்டியிருந்தது, அதன் ஒரு முனை பிய்ந்து படபடத்தது. அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். வேட்டைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நோரீனிடம் மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.