இரண்டாவது நெட்வொர்க் கார்டு

நீதித்துறை நடுவர் முன்பாக நான் சொல்லிக்கொள்வது: என் பெயர் நோயல், வயது 31, தகப்பனார் பெயர் லூயிஸ். ராயபுரம் பனைமரத்தொட்டியில் அம்மா, அண்ணன் ஜோ ஆகியோருடன் வசித்து வருகிறேன். திருவொற்றியூரில் தனியார் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அதே யார்டில் லேபர் கான்ட்ராக்டர் கிருஷ்ணப்பனிடம் அண்ணன் மேஸ்திரி. இறந்துபோன உபைதுல்லா அங்கே கிரேன் ஓட்டுநர், என் சிநேகிதன்.

கன்டெய்னர் விழுந்து ஒரு தொழிலாளி நசுங்கிச் செத்த வழக்கில் கிருஷ்ணப்பனுக்கு எதிராக உபைதுல்லா சாட்சி சொல்லவிருந்தான். அதற்காக அவனை மிரட்டி வந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு யார்டில் ஒரு விதி வந்தது. கேமரா நின்றால் கிரேனும் நிற்க வேண்டும். கேமராவை நிறுத்துவதற்கு முன் நான் வாக்கி டாக்கியில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், கிரேன் ஓட்டுநர் கீழே இறங்கிவிட வேண்டும்.

எங்கள் சர்வர் அறையில் பதிவுகளைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றுதான். அதற்குள் விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது தனிப் பெட்டி இல்லாமல் சாஃப்ட்வேரால் உண்டாக்கிய கம்ப்யூட்டர்கள், பல ஓடுகின்றன. அதில் ஒன்று கேமராப் பதிவுக்கானது. கேமராக்களோடு பேச அதற்கு ஒரே நெட்வொர்க் கார்டு இருந்தது, வெளியே போக வழியில்லை. பதிவின் நகல் கிண்டி தலைமை அலுவலகத்துக்கும் போக வேண்டும் என்று உத்தரவு வந்ததால், சம்பவத்தன்று மதியம் இரண்டாவது கார்டைச் சேர்க்க உட்கார்ந்தேன். அதுவும் கையால் செருகுவதல்ல, திரையிலேயே சேர்ப்பது.

வழக்கமாக மெஷினை நிறுத்தாமல் கார்டு சேர்க்க முடியாது. ஆகவே, "கேமரா ஆஃப் பண்றேன், கிரேன நிறுத்திக்கோங்க" என்று வாக்கி டாக்கியில் சொன்னேன். "சரி மாமு, ஒரு டீ வுட்டுகினு வரேன்" என்றான் உபைதுல்லா. என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதன் பிறகு, நிறுத்துவதற்கு முன்பே கார்டின் விவரங்களைப் பதிந்தபோது, ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் அதை ஏற்றுக்கொண்டது. சமீபத்தில் போட்ட புது சாஃப்ட்வேரில் அந்த வசதி வந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. கேமரா நிற்கவே இல்லை. அதைத் திருப்பிச் சொல்ல வாக்கி டாக்கியை எடுத்தபோது திரையைப் பார்த்தேன்.

கிரேன் ஏணியடியில் நான்கு பேர் இருந்தார்கள். கிருஷ்ணப்பனும் அவரது ஆட்கள் இருவரும் கத்தி வைத்திருந்தார்கள். மூவரும் முகத்தை மறைக்கவில்லை. நான்காவது ஆள் கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி உபைதுல்லாவின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. அதன் பிறகு முகத்தில், வயிற்றில் வெட்டினார்கள். சரிந்த பிறகும் நிறுத்தவில்லை. பிடித்தவரும் விடாமல் அவனோடு சேர்ந்து குனிந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. "டேய் வுடுங்கடா, கேமரா ஓடிகினு கீதுடா" என்று வாக்கி டாக்கியில் கத்தினேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், அவரைத் தவிர.

உடனே சர்வர் அறைக் கதவைத் தாழிட்டு, புதுக் கார்டு வழியாகப் பதிவைக் கிண்டிக்கு அனுப்பத் தொடங்கினேன். அதன் பிறகு அண்ணன் கதவை உடைத்துக்கொண்டு இரும்புக் கம்பியோடு வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். பதிவு அதற்குள் இருப்பதாக நினைத்து முதலில் மானிட்டரை உடைத்தார். "அழிடா" என்றார். முடியாது என்றேன். என் வலது கையை மேசையில் அழுத்திக் கம்பியை இறக்கினார். "ஆஃபுன்னு நீதானடா சொன்ன? அத்த நம்பித்தானடா போனோம்" என்று அழுதுகொண்டே மறுபடி அடித்தார். அதன் பிறகு ஸ்டோரேஜ் பெட்டியை டிஸ்க் எல்லாம் தெறிக்கும்வரை அடித்து நொறுக்கினார். "நீ வரதுக்குள்ளயே கிண்டிக்குப் போய்ச் சேந்துடுச்சுண்ணா" என்றேன். அவர் கம்பியைப் போட்டுவிட்டுத் தன் கைக்குட்டையால் என் கையைச் சுற்றினார். "ரொம்ப வலிக்குதாடா?" என்று கேட்டார். போலீசார் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

உபைதுல்லாவைக் கீழே இறக்கியது என் குரல்தான். அவன் மனைவி உஸ்மா இன்னும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று அம்மா மருத்துவமனைக்கு வந்து, "கைய ஒட்ச்சது, சட்டைல ரத்தம், அல்லாம் அண்ணன் தம்பி சண்டன்னு சொல்லிக்கலாம். அதுல முதுகுதான தெரியுது? யார்னு தெரிலன்னு சொல்லிட்றா, நைனா" என்று காலைப் பிடித்தார். அது உண்மைதான், பதிவில் அந்த ஆளின் முகம் எங்கும் இல்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அது என் அண்ணன் ஜோ.

இதை யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தவை. வலது கையால் எழுத முடியாததால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இ.கை.பெ.வி. ரேகை) நோயல்